நாலு கட்டைக்கு இறங்கிய பாட்டு

மத்தியானம் எங்கள் கட்டடத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, கம்பளம் தட்டக்கூடாது, குழந்தை அழுவதென்றாலும் கொஞ்சம் யோசித்துத்தான் அழவேண்டும். எனக்கோ அந்த நேரம்தான் கை துருதுருக்கும். காலை முழுவதும் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து வீங்கின கன்னங்களுக்கு ரேர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்க நாளும் நேரமும், கொடுத்துவிட்டு வருகிறவள் நான். வந்ததும் வயலின் பெட்டியைத் திறக்காவிட்டால் எனக்கே பல் வலிக்கும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போவேன், உடுப்புத் தோய்க்கிற நிலவறைக்கு. அங்கே மெஷின்கள் சுழலும். உடுப்புக் காயவைக்கிற ட்றொக்னர் ஒரே சுருதியில் உறுமும். தம்பூரா தேவையில்லை. சீமெந்து நிலத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினால், தெருமட்டத்துச் சின்ன யன்னலில் சப்பாத்துகள் மட்டும் போய்வரும். பான் என்கிற இந்த ஜேர்மன் நகரத்தின் சப்பாத்துகள் எல்லாம் எனக்கு ரசிகர்கள். கைதட்டாத ரசிகர்கள், ஆனால் சில வேளை நின்றுவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு மத்தியானம் கதவு திறந்தது. உயரமான ஒரு பெண், வெள்ளைத் தலைமயிர், இடுப்பில் உடுப்புக் கூடை. கூடைக்கு வெளியே குஞ்சம் வைத்த சட்டை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முடிக்கும் வரை அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. முடித்த பிறகு சொன்னார்:

“நீர்தானோ அது? நான் ட்றொக்னர் பழுதாப்போச்சு எண்டு வீட்டுக்காரனுக்கு ரெண்டு தரம் போன் எடுத்துப்போட்டன்.”

அவர் கதைத்தது ஜேர்மன். எனக்குள் வந்து விழுந்தது எங்கள் தமிழில். விழுந்தபடியே எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்கு ஏலாது.

நாலாம் மாடிக்குப் புதிதாக வந்தவர். அவரும் பாட இடம் தேடித்தான் கீழே வந்திருக்கிறார். உடுப்புக் கூடை ஒரு சாட்டு. நான் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அக்கா என்றேன். அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். மூத்த சகோதரி என்றேன். “கிழவி எண்டு சொல்லாமல் சொல்லுற வழி,” என்று சிரித்து, அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு மட்டும்தான் திரும்பிப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் கரண்டியைப் போட்டுவிட்டார்.

“வெள்ளைத் தலை, உயரம், கரகரத்த குரல்... அட, அது அந்தப் பால் லொறிக்காரியல்லோ!”

அவர் இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில், சமையலறை றேடியோவில் இடைவிடாமல் போன பாட்டாம். கன்றி-பொப் என்று சொல்லுகிற வகை: அமெரிக்க மாட்டுக்காரர்களின் கிற்றாரும் தாளமும், மேலே ஜேர்மன் சொற்கள், அதற்கும் மேலே றேடியோவுக்கு வேண்டிய சீனி. பால் லொறி ஓட்டுகிற ஒரு பெண், விடியப்புறம் மலைப்பாதையில் போகிறாள். தன்னை விட்டுப்போனவனின் ஊர் வருகிறது. அவன் வீட்டைக் கடக்கும்போது ஹோர்ன் அடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஹோர்ன் வருகிற இடத்தில் பாட்டுக்காரியின் குரல் ஒரு ‘ஊ’வைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். என் கணவர் அந்த ‘ஊ’வை எனக்குப் பாடிக் காட்டினார். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

புகழ் வந்த கதையை அக்கா எனக்குச் சொன்னதே இல்லை. வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் நின்ற காலம், பெரிய மண்டபங்கள், பத்திரிகை அட்டைகள், அதெல்லாம் வேறு யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி. அவர் வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் இப்போதைய கதைகள். அறுபது தாண்டின பாட்டுக்காரிக்கு இந்த நாட்டில் என்னென்ன மேடைகள் இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது, தெரிந்திருந்தால் முன்னமே சேர்ந்திருப்பேன். தளபாடக் கடையின் ஆண்டு விழாவில் கட்டில்களுக்கு நடுவே பாடுவார். ஆட்கள் மெத்தையில் படுத்தபடி கேட்பார்கள். பூச்செடிக் கடையில் ஜெரேனியப் பூக்களுக்குப் பக்கத்தில். தீயணைப்பு வீரர்களின் பியர்க் கூடாரத்தில், நடுவில் தீ அபாயச் சங்கு ஊதினால் வீரர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கேட்பார்கள். “அங்க முந்தி, பெரிய மேடையில, ஆக்களின்ர முகம் தெரியாது. வெளிச்சம் கண்ணுக்குள்ள. இப்ப முன் வரிசையில ஆர் பல்லுக் கட்டினவை, ஆர் கட்டேல்லை எண்டு வரைக்கும் தெரியும். உம்மட வைத்தியருக்கு ஆள் பிடிச்சுத் தரவோ?”

என்னை அவர் சேர்த்துக்கொண்டது அப்படித்தான், பகிடியோடு. கூட வாசித்த வயலின்காரருக்குத் தோள் மூட்டுப் போய்விட்டது. “தோள் இல்லாமல் வாசிக்கிற ஒருத்தியை நான் நிலவறையில கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறன்,” என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். “அவ காலில எல்லோ வாசிக்கிறா!”

கொலோனில் படிக்கிற என் மகளுக்கு இந்தச் செய்தி நல்ல தீனி.

“அம்மா, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் கவ்பாய் தொப்பியோடதான் வரப்போறீங்களோ?”

“வெய்யிலுக்கு நல்லம்தானே பிள்ளை.”

“ஜீன்ஸோட சப்பாணி கட்டி இருந்தா கிழியும். மேடையில கிழியும். அதை ஆரும் போனில எடுப்பினம்.”

“எடுக்கட்டும். நீ உன்ர சோதினையைப் பார்.”

கிழியவில்லை. இழுபடுகிற துணியில் தைத்த ஜீன்ஸ் வாங்கினேன்.

சரி, கட்டைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது ஒன்றும் விளங்காது. எங்கள் கச்சேரிகளில் பாட்டுக்காரர் வந்து இருந்ததும் வயலின்காரர் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை கட்டை? அதாவது, உங்கள் குரல் சுகமாக நிற்கிற இடம் எது, உங்கள் ‘ஸ’ எங்கே இருக்கிறது? அவர் சொன்ன இடத்துக்கு நான் என் நரம்புகளை இறக்குவேன், அல்லது ஏற்றுவேன். வயலினின் கழுத்து நுனியில் இருக்கிற திருகாணிகளைப் பிருடை என்போம். அதைத் திருகினால் நரம்பு இறுகும், தளரும். குரல் வீட்டுக்காரர். வயலின் வாடகைக்கு வந்தது. சின்ன வயதிலிருந்து இதைத் தவிர வேறு ஒழுங்கு எனக்குத் தெரியாது.

ஆகவே முதல் நாளே நிலவறையில் கேட்டேன்.

“உங்களுக்கு எத்தனை கட்டை, அக்கா?”

விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கினதும் அவர் கவிழ்த்து வைத்த கூடையின் மேல் குந்தினார்.

“ஒருத்தரும் என்னட்டை இதைக் கேட்டதில்லை. பாட்டு எங்க இருக்கோ அங்க நான் ஏறிப் போகவேணும், அதுதான் எனக்குத் தெரிஞ்சது.”

“ஏறவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்’ எண்டு சொல்லுங்கோ. எங்க விழுதோ அங்க.”

மூடினார். ‘ம்ம்’ விழுந்தது, ஆழத்தில், நாலு கட்டையில். பழைய றெக்கோட்டில் அவர் அதைவிட மேலே, ஆறில் நின்று பாடியிருந்தார். நான் பிருடையைத் தளர்த்தினேன். நரம்பு கீழே சறுக்குகிற சத்தத்தைக் கேட்டு அவர் பதறிப்போனார். “என்ன செய்யிறீர், உடைக்கப்போறீரோ!” உடையவில்லை. வில்லைப் போட்டேன். அவர் அதன்மேல் குரலை வைத்தார், நாள் முழுக்க நின்று களைத்தவர் கதிரையில் இருக்கிற மாதிரி. கரகரப்பு இருந்தது, அதற்குக் கீழே இதுவரை யாரும் பாவிக்காத ஓர் இருட்டு இருந்தது, நல்ல இருட்டு, பழுத்த பழத்தின் உட்புறம் மாதிரி. மேலே யன்னலில் ஒரு சோடிச் சப்பாத்து நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் நிகழ்ச்சியின் பாட்டுகள் எல்லாம் நாலு கட்டைக்கு வந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்குக் காவல் இருந்தவர் கிற்றார்காரர். அவர்தான் அக்காவின் முன்னாள் கணவர். சேர்ந்து வாழ்ந்ததைவிடப் பிரிந்திருந்த காலம்தான் கூட. ஆனால் மேடையில் பிரிந்ததே இல்லை. கொலோனிலிருந்து றெயினில் இரண்டு கிற்றார்களோடு வருவார். நாலு கட்டை என்றதும் மண்ணிறக் கிற்றாருக்குத் தடித்த கம்பிகள் வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் தளர்த்திக்கொண்டு வந்தார். “இது கிற்றார் இல்லை, கப்பல் கட்டுற கயிறு,” என்று முறைப்பாடு. ஆனால் அந்தக் கயிற்றில் நன்றாகத்தான் வாசித்தார். விரல்கள் போகிற வழி அதேதான், சத்தம் மட்டும் கீழே. பால் லொறிப் பாட்டு வந்தபோது மட்டும் மறித்தார். அதை எழுதியவர் அவர். இளமையில், அக்காவுக்காக.

“அதைத் தொடாதே, பெட்டை. அது அங்க மேலதான் இருக்கு.”

“நான் மேல இல்லையே,” என்றார் அக்கா.

“அப்ப றெக்கோட் பாடட்டும்.”

றெக்கோட் பாடவேண்டும் என்பது இன்னொருவரின் கட்டளையும்கூட. றைன் நதிக் கரையில் ஒரு கூடார முகாம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையின் முடிவிலும் அங்கே கன்றி ரசிகர்கள் கூடுவார்கள்; அக்காவின் சொந்தச் சனம். தலைவரை எல்லோரும், கவ்பாய் படத்துப் பொலிஸ்காரர் மாதிரி, ஷெரிப் என்பார்கள், நெஞ்சில் தகர நட்சத்திரம் குத்தியிருப்பார். மற்ற நாட்களில் அவர் வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கி பரிசோதிக்கிறவர், எங்கள் கட்டடத்துக்கும் வருகிறவர். கடைசியாக நடந்த கூட்டத்தில் அந்த ‘ஊ’ வருகிற இடத்தில் அக்காவின் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. யாரோ அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள், கீழே சிரிப்பு முகங்களோடு. ஆகவே இந்த முறை ஷெரிப் புகைபோக்கி பார்க்க வந்த கையோடு நாலாம் மாடிக்கும் ஏறினார்.

“மற்றப் பாட்டெல்லாம் உங்கட இஷ்டம். அந்தப் பாட்டு மட்டும் முழுப் பிளேபாக். இல்லாட்டி வேற ஒரு பிள்ளையைப் பிடிச்சு அதைப் பாடவைக்கிறன். கோவிக்காதேங்கோ.”

முழுப் பிளேபாக் என்றால் இந்த நாட்டு மேடைகளில் வழக்கமானதுதான். பழைய றெக்கோட்டை அப்படியே போடுவார்கள். பாட்டுக்காரி வாயசைப்பார். வாத்தியக்காரர் கையசைப்பார். யாரும் அதைக் களவு என்று சொல்வதில்லை. சனம் றெக்கோட்டில் கேட்டதைத்தான் கேட்க வருகிறது, அது பிசகாமல் கிடைக்கிறது. அக்கா ஓம் என்றுவிட்டார். சொந்தச் சனத்துக்கு முன்னால் தன் பாட்டை வேறொருத்தி பாடுவதைவிட அது மேல்.

ஆனால் நிலவறையில், மெஷின் கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் சொன்னார்:

“இளம் பெட்டை ஒருத்தி என்ர வாய்க்குள்ள குந்தியிருந்து பாடுவா. நான் அவளுக்குக் கதவு திறந்து மூடுற காவல்காரி. எனக்கு அவளில கோவம் இல்லை, நல்லாத்தான் பாடுவா. ஆனா ஒருக்கா, ஒரே ஒருக்கா, அந்தப் பாட்டை இப்ப இருக்கிற நான் அவையளுக்கு முன்னால பாடவேணும். பிறகு என்னைத் தளபாடக் கடையில வைச்சுப் புதைச்சாலும் பரவாயில்லை.”

அந்தப் பாட்டை நாங்கள் இருவரும் கீழே நாலு கட்டையில் பாடிப் பார்த்தோம். யாருக்கும் சொல்லாமல், இரண்டு பிள்ளைகள் களவாக மாங்காய் தின்கிற மாதிரி. ‘ஊ’ வந்தபோது லொறி கேட்கவில்லை. றைனில் போகிற பாரக் கப்பல் கேட்டது. படியில் காலடி. கிற்றார்காரர் பாதிப் படி வரை இறங்கி வந்து நின்றார், நின்று கேட்டார், திரும்பி மேலே போனார். அக்கா தோள்களைக் குலுக்கினார்.

முகாமுக்குப் போன அன்று வானம் கழுவித் துடைத்த தட்டு. எங்கே பார்த்தாலும் தொப்பி. வங்கியில் வேலை செய்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற தபால்காரரும் மனைவியும், எல்லோரும் இடுப்பில் பெரிய கொளுக்கியோடு, கழுத்தில் துணியோடு. நாய்களின் கழுத்திலும் அதே துணி. பன்றி இறைச்சி வாட்டுகிற புகை, பியர், பியரைச் சுற்றிக் குளவிகள். ஓகஸ்டில் இந்த நாட்டை ஆள்வது குளவிகள்தான். மேடைக்கு முன்னால் மரப்பலகை அடித்த தளம், அதில் வரிசை வரிசையாக ஆடுகிறவர்கள். சோடி இல்லை, பிடிப்பு இல்லை. பெருவிரல்களை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்புவார்கள், ஒரே நேரத்தில் குதியால் தட்டுவார்கள். முகத்தில் சிரிப்பே இருக்காது, கணக்குச் சோதினை எழுதுகிற முகம். ஆனால் கால்கள் சிரிக்கும். எனக்கு அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஷெரிப் எனக்கு ஒரு வைக்கோல் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஏறி இருந்தேன். குத்தியது. இறங்கினேன்.

“கதிரை தரட்டோ?”

“வேண்டாம் ஷெரிப் ஐயா. நிலத்தில இருக்கிறன்.”

“நிலத்திலயோ? ஆரும் மிதிச்சா முகாமுக்குக் காப்புறுதி இல்லை.”

தபால்காரரின் மனைவி தன் கரவான் வண்டியிலிருந்து ஒரு கம்பளம் கொண்டுவந்து விரித்தார். அக்காவின் வெள்ளைச் சப்பாத்துக்குப் பக்கத்தில், தொப்பியோடு, சப்பாணி கட்டி இருந்தேன். கீழேயிருந்து மூன்று பிள்ளைகள் என்னை மாதிரியே புல்லில் இருந்து பார்த்தார்கள்.

நிகழ்ச்சி ஓடியது. ஓடியது என்றால் உண்மையிலேயே ஓடியது, கடிவாளம் இல்லாமல். அக்காவின் புதிய பாட்டுகள்: முழங்காலைப் பற்றி ஒன்று, வாடகை வீடு தேடுவது பற்றி ஒன்று, முன்னாள் கணவனோடு வேலைக்குப் போவது பற்றி ஒன்று. அந்த மூன்றாவதில் கிற்றார்காரர் ஒவ்வொரு அடிக்கும் தலையைச் சொறிவார், சனம் விழுந்து சிரிக்கும். எல்லாம் நாலு கட்டை. அக்காவின் குரல் வெய்யிலில் காய்கிற போர்வை மாதிரி விரிந்து கிடந்தது.

பிறகு கடைசிப் பாட்டு. ஷெரிப் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, சட்டைப் பையிலிருந்து றெக்கோட் இருந்த யூ.எஸ்.பி. ஸ்டிக்கை எடுத்து ஒலிக்காரரிடம் கொடுத்தார். கிற்றார்காரர் மண்ணிறத்தை வைத்துவிட்டு வெள்ளைக் கிற்றாரை எடுத்தார். பழைய அட்டைப் படத்தில் இருக்கிற அதே கிற்றார், கையசைப்பதற்கு அழகானது. நான் வில்லை நரம்பில் படாமல் பிடித்தேன். ஒலிக்காரர் என் வயலினின் ஒலிவாங்கியை மூட மறந்திருந்தார். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

றெக்கோட் தொடங்கியது. எப்போதோ யாரோ வாசித்த வயலின், என் கைக்குச் சம்பந்தமில்லாமல். பிறகு அந்த இளம்பெண்ணின் குரல், ஆறு கட்டையில், சீனி போட்ட வெள்ளிக் கம்பி. அக்கா வாயசைத்தார். நன்றாகத்தான் அசைத்தார், அவருக்குப் பழக்கமான வேலை. வரிசைகள் திரும்பின, தட்டின. மலைப்பாதை வந்தது. ஊர் வந்தது. ஹோர்னுக்கு முந்தின அடி.

அக்காவின் வாய் மூடிக்கொண்டது.

குரல் போய்க்கொண்டிருந்தது, வாய் மூடியிருந்தது. நான் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாத்தியக்காரர் வேறெங்கே பார்ப்பது? சின்ன வயதில் ஊறின ஒழுங்கு: பாட்டுக்காரர் பாடும்போது நிழல் மாதிரிப் பின்னால் போ, அவர் நிறுத்தினால், அந்த இடைவெளியை விழவிடாதே, அவர் விட்ட சங்கதியை நீ எடுத்து வாசி. அங்கே யோசனைக்கு இடமில்லை. பக்கத்தில் இருக்கிறவர் தடக்கினால் கை நீளுகிற மாதிரி அது. என் வில் விழுந்தது. அக்கா விட்ட அடியை எடுத்தேன், நாங்கள் கீழே வாசித்துப் பழகின இடத்தில், நாலு கட்டையில், முழு வில்லோடு, திறந்திருந்த ஒலிவாங்கிக்குள்.

ஆறு கட்டைக் குரலும் நாலு கட்டை வயலினும் முட்டின சத்தம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. நாய்கள் எழுந்து நின்றன. ஆடிக்கொண்டிருந்த வரிசைகள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றன, அத்தனை பேரும், கொக்குகள் மாதிரி. ஒலிக்காரர் பதறிப்போய்க் கண்ட பிடியை இழுத்து இறக்கினார். இறங்கியது என் வயலின் இல்லை. றெக்கோட்.

நான் மட்டும் மிஞ்சினேன். ஒரு நரம்பு, ஒரு நதி, நூற்றுக்கணக்கில் தொப்பிகள். வில்லை எடுத்துவிட்டேன். நதியில் ஒரு கப்பலின் மோட்டர் கேட்டது. கம்பளத்தைச் சுருட்டி அதற்குள் நானும் சுருண்டு அந்தக் கரவானுக்குள் போய்விடலாம் என்று பார்த்தேன்.

“நிப்பாட்டாதேயும்,” என்றார் அக்கா. என்னைப் பார்க்காமல், உதட்டின் ஓரத்தால்.

வில்லைத் திரும்பவும் வைத்தேன். வெறும் ‘ஸ’. அவர் நிற்பதற்கு ஒரு தரை. எங்களுக்குப் பின்னால் ஏதோ உரசியது. கிற்றார்காரர் வெள்ளைக் கிற்றாரைக் கழற்றி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு, மண்ணிறத்தை எடுத்துக் கொளுவினார். ஒரு கணம் அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவும் திரும்பிப் பார்க்கவில்லை, அழைக்கவில்லை. பிறகு அவர் அடித்தார். தான் எழுதின பாட்டை, கப்பல் கட்டுகிற கயிற்றில், நாலு கட்டையில், பால் லொறி மலையேறுகிற அதே தாளத்தில்.

தூக்கியிருந்த கால்கள் எல்லாம் ஒன்றாக நிலத்தில் இறங்கின. பலகைத் தளம் ‘தொம்’ என்றது.

ஒலிக்காரர் மற்ற ஒலிவாங்கிகளையும் திறந்துவிட, அக்கா முதலிலிருந்து பாடினார். அந்தப் பெண் இப்போது லொறியை அவசரமில்லாமல் ஓட்டினாள். பாதையில் எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று தெரிந்தவள். விட்டுப்போனவனின் ஊர் வந்தபோது அவள் குரலில் ஒரு குறும்பு இருந்தது, றெக்கோட்டில் இல்லாதது. இவன் இன்னும் இங்கேதான் இருக்கிறானோ, பாவம். கிற்றார்காரர் சிரிப்பை அடக்குவதை நான் கண்டேன். ஹோர்ன் வந்தது. மேலே போகவில்லை. கீழே, நெஞ்சுக்கும் கீழே இருந்து, அகலமாக வந்தது.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. இத்தனை வருடமும் அந்தச் சனம் இந்தப் பாட்டில் எல்லா அடியையும் கூடப் பாடும், ஹோர்னை மட்டும் அவருக்கு விட்டுவிடும். எட்டாது. யாருக்குமே எட்டாது. வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாணவேடிக்கை பார்க்கிற மாதிரி. இப்போது அது அவர்கள் தொண்டைக்கே இறங்கி வந்திருந்தது. முதலில் ஓர் ஆண் குரல், தடித்தது, தயங்கினது. ஷெரிப். எங்களை நிறுத்தத்தான் மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்; பாதி வழியில் வாயைத் திறந்தார், வந்தது திட்டு இல்லை, ‘ஊ’. தன் சத்தத்தைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நின்றார். பிறகு தபால்காரர், அவர் மனைவி, இறைச்சி வாட்டுகிறவர், வரிசையில் ஆடுகிறவர்கள், அந்தக் கணக்குச் சோதினை முகங்கள் எல்லாம் திறந்து, முழு முகாமும் ஒரே ஹோர்ன். கரவான் ஒன்றிலிருந்து யாரோ உண்மை ஹோர்னையும் அடித்தார்கள். அது வேறு கட்டை. பரவாயில்லை.

முடிந்ததும் ஷெரிப் மேடையேறி வந்தார். ஸ்டிக்கைக் கையில் பிடித்திருந்தார், பிடுங்கின பல்லைப் பிடித்திருக்கிற மாதிரி.

“நாங்கள் கதைச்சது இப்பிடி இல்லையே.”

“குளவி,” என்றார் அக்கா.

“என்ன குளவி?”

“வாய்க்கு நேர ஒரு குளவி வந்தது. மூடாம என்ன செய்யிறது? விழுங்கவோ?”

“நான் ஒரு குளவியையும் காணேல்லை,” என்றார் கிற்றார்காரர் பின்னாலிருந்து.

“நீ எப்பதான் எதைக் கண்டனி?”

இன்றைக்கு வரைக்கும் குளவி என்றுதான் அக்கா அடித்துச் சொல்கிறார். நான் சப்பாணி கட்டி அவருக்கு நேர் கீழே இருந்தவள், கண் இமைக்காமல் அந்த வாயையே பார்த்தவள். கேட்கிறவர்களுக்கு நானும் குளவி என்றுதான் சொல்வேன்.

ஷெரிப் ஒலிக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நட்சத்திரத்தைத் தடவினார்.

“நானும் பாடினன்,” என்றார் மெதுவாக. “கனகாலமா எனக்கு எட்டாத இடம் அது.”

“அடுத்த முறையும் எட்டும்,” என்றார் அக்கா. “கட்டை இதுதான்.” ஜேர்மன் வசனத்துக்கு நடுவில் ‘கட்டை’ என்று சுத்தமாகச் சொன்னார். ஷெரிப் ஏதோ தொழில்முறைச் சொல்லாக்கும் என்று பெரிதாகத் தலையாட்டி, ஸ்டிக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கீழே சனம் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. இன்னொருக்கா, இன்னொருக்கா. பலகைத் தளம் நடுங்கியது. அக்கா நெற்றியைக் கழுத்துத் துணியால் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். முகம் முழுக்க வெய்யில்.

“இன்னும் கொஞ்சம் கீழ போகலாமோ?”

“அரைக் கட்டை இறக்கலாம், அக்கா.”

“பெட்டை, என்ர கயிறு நிலத்தில இழுபடப்போகுது!” என்றார் கிற்றார்காரர். ஆனால் கை ஏற்கெனவே திருகாணிக்குப் போய்விட்டது.

சனம் காத்திருந்தது. கன்றிக் கூட்டத்தில் யாரும் மேடைக்கு நடுவில் இருந்து நரம்பு தளர்த்துவதில்லை. பிருடை இறுகிப்போயிருந்தது. திருகினேன். முனகிற்று. அக்கா தன் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து பிருடைக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்த முனகல் பெட்டிகள் வழியாகப் பெருத்து, தொப்பிகளுக்கு மேலால் போய், நதிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அமைதியானார்கள். நரம்பு சறுக்கிக்கொண்டு இறங்க, அக்கா கண்ணை மூடி, அதோடு சேர்ந்து தானும் இறங்கினார். ம்ம்... இல்லை, இன்னும். ம்ம்... ஆடுகிறவர்கள் பெருவிரலைப் பட்டியில் கொளுவிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்துக் காத்து நின்றார்கள். ம்ம்.

“இங்க,” என்றார்.